மதிலுக்குள்ளே ஒரு நீதிமன்றம்

இங்கிலாந்தின் பழைய கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போரைத் தேடித்தான் போகிறார்கள். எந்த ராஜா முற்றுகையிட்டான், எந்தப் பக்கம் மதில் சரிந்தது, யார் பிடிபட்டார் என்ற கதைகளுக்குத்தான் கூட்டம் கூடும். லிங்கன் நகரத்துக் கோட்டையிலும் அந்தக் கதைகள் உண்டு, அவற்றுக்கும் வருவோம். ஆனால் நான் முதலில் சொல்ல விரும்புவது வேறொரு செய்தி. 1068-இல் தொடங்கிய அந்தக் கோட்டைக்குள் இன்றைக்கும் ஒரு நீதிமன்றம் நடக்கிறது. வழக்கறிஞர்கள் வருகிறார்கள், ஜூரிகள் உட்காருகிறார்கள், தீர்ப்பு வழங்கப்படுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அங்கே எது மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும். தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகவே போவோம்.

நார்மன்கள் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். பிரான்சின் வடகரையில் குடியேறி, அந்த ஊர் மொழியையும் மதத்தையும் ஏற்றுக்கொண்ட வைக்கிங்குகளின் வழிவந்தவர்கள் அவர்கள். 1066-இல் அவர்களுடைய தலைவன் வில்லியம் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று, இங்கிலாந்தின் அரசனானான். வென்றவர்களோ சில ஆயிரம் பேர். ஆள வேண்டிய மக்களோ லட்சக்கணக்கானோர். வந்தவர்களின் மொழியும் அவர்களுக்குத் தெரியாது. எந்த ஊரில் எப்போது கலகம் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலை. அதற்கு நார்மன்கள் கண்ட வழிதான் கோட்டை. மண்ணைக் குவித்து, மரத்தால் வேலி கட்டி, சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒரு கோட்டையை எழுப்பிவிடுவார்கள். கொஞ்சம் வீரர்களை உள்ளே வைத்தால் ஒரு பெரிய ஊரே அடங்கும். 1068-இல் வடக்கில் கலகம் எழுந்தபோது வில்லியம் யார்க் வரை படையோடு போனான். திரும்பும் வழியில் லிங்கனிலும் ஹண்டிங்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கோட்டைகளை நிறுத்திவிட்டுப் போனான்.

லிங்கனை அவன் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. விதம் ஆற்றின் கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் குன்று அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர்கள் அதன் உச்சியில் படைமுகாம் அமைத்து, பிறகு அதை மதில் சூழ்ந்த நகரமாக்கியிருந்தார்கள். அவர்கள் போட்ட இரண்டு நெடுஞ்சாலைகள் அங்கே சந்தித்தன. ஆக, குன்று, ஆறு, சாலைகள், போதாததற்குப் பாதி நின்றுகொண்டிருந்த ரோமானிய மதில் என்று எல்லாம் தயாராக இருந்தன. மேல்நகரத்தின் தென்மேற்கு மூலையை வில்லியமின் ஆட்கள் கோட்டைக்காக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கங்களுக்குப் பழைய மதிலே போதுமாக இருந்தது.

ஆனால் அந்த மூலை வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே மக்கள் குடியிருந்தார்கள். 1086-இல் வில்லியம் எடுக்கச் சொன்ன பெரிய நிலக் கணக்கெடுப்பை டூம்ஸ்டே நூல் என்பார்கள். லிங்கனில் கோட்டையின் பொருட்டு 166 வீடுகள் அழிந்தன என்று அதில் பதிவாகியிருக்கிறது. எண் மட்டும்தான் இருக்கிறது. யாருடைய வீடு, அவர்கள் எங்கே போனார்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. கோட்டையின் வரலாற்றை எழுதுகிற யாரும் இந்த 166-ஐத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம். கோட்டைக்கான முதல் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அண்மையில் கோட்டைக்குள் புதிய நிலவறை ஒன்று கட்டத் தோண்டியபோது, நார்மன்களுக்கு முந்திய ஒரு தேவாலயத்தின் அடித்தளமும் ஒரு கல் சவப்பெட்டியும் கிடைத்தன. அதுவரை அப்படியொரு தேவாலயம் இருந்ததே யாருக்கும் தெரியாது. மதிலுக்குள் இருக்கும் புல்தரைக்கு அடியில் ஒரு முழு ஊர் புதைந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இனி கட்டடத்துக்கு வருவோம். நார்மன் கோட்டையின் அடிப்படை மிக எளிது. மண்ணை வெட்டிக் குவித்து, கவிழ்த்து வைத்த சட்டியைப்போல ஒரு மேடு செய்வார்கள். அதன் உச்சியில் ஒரு கோபுரம். மேட்டை ஒட்டிக் கீழே மண்கரையும் அகழியும் சூழ்ந்த பெரிய முற்றம். குதிரை லாயம், சமையல்கூடம், தங்கும் இடம், வழிபாட்டு இடம் எல்லாம் அந்த முற்றத்தில் இருக்கும். ஆபத்து வந்தால் மேட்டுக் கோபுரம் கடைசிப் புகலிடம். பொதுவாக ஒரு கோட்டைக்கு ஒரு மேடுதான். லிங்கனில் இரண்டு. இங்கிலாந்தில் லிங்கனையும் தெற்கே உள்ள லூயிஸ் கோட்டையையும் தவிர வேறெங்கும் இந்த அமைப்பைக் காண முடியாது.

அடுத்த தலைமுறையிலேயே மரம் போய்க் கல் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்கரையின் மேல் சுண்ணாம்புக்கல் மதில் ஏறியது. மதிலின் சில பகுதிகளில் கற்களைச் சாய்த்துச் சாய்த்து, மீன்முள்போல வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பழைய நார்மன் கட்டுமானத்தைக் கண்டுகொள்ள அது நல்ல அடையாளம். மண்கரை ரோமானிய மதிலை அப்படியே விழுங்கிவிட்டது. 1836-இல் மேற்குப் பக்கம் மண்ணை வெட்டியபோது பழைய ரோமானிய வாசல் ஒன்று வெளிப்பட்டது. ஆனால் தாங்கி நின்ற மண் போனதும் அது நிலைகுலைந்து சரிய, மறுபடியும் மூடிவிட்டார்கள்.

கோட்டைக்கு இரண்டு வாசல்கள். மேற்கு வாசல் ஊருக்கு வெளியே திறந்தது. கிழக்கு வாசல் லிங்கன் பேராலயத்தைப் பார்த்தபடி நிற்கிறது. 1072-இல் இந்த மறைமாவட்டத்தின் தலைமையிடத்தை லிங்கனுக்கு மாற்றி, ரெமிஜியஸ் என்ற நார்மன் ஆயர் அந்தப் பேராலயத்தைத் தொடங்கினார். ஒரு சின்னச் சதுக்கத்தின் இரு புறமும் அரசனுடைய அதிகாரமும் திருச்சபையின் அதிகாரமும் எதிரெதிரே நிற்பதை இன்றும் அங்கே பார்க்கலாம்.

இந்தக் கோட்டைக்குள் அன்றாடம் நடந்த வேலை என்ன? அதைச் சொல்ல ஷெரீப்பை அறிமுகப்படுத்த வேண்டும். ஷெரீப் என்பவர் ஒரு மாவட்டத்தில் அரசனின் பிரதிநிதி. வரி வசூலிப்பார், குற்றவாளிகளைப் பிடிப்பார், மாவட்ட நீதிமன்றத்தைக் கூட்டுவார், விசாரணைக்காகக் காத்திருப்பவர்களை அடைத்து வைப்பார். சென்னையிலும் பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தப் பதவி வந்து, பிற்காலத்தில் வெறும் கௌரவப் பதவியாக நீண்ட நாள் இருந்தது. வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். லிங்கன்ஷயரின் ஷெரீப்புக்கு அலுவலகம், கருவூலம், நீதிமன்றம், சிறை எல்லாம் இந்தக் கோட்டைதான். போர் எப்போதோ ஒரு முறை வந்தது. வழக்கும் வரியும் சிறையும் ஒவ்வொரு நாளும் இருந்தன.

இப்போது போர்களைப் பார்த்துவிடலாம். முதலாவது 1141-இல். ஸ்டீபன் அரசனுக்கும் மட்டில்டாவுக்கும் அரியணைப் போட்டி நடந்த காலம். செஸ்டர் பிரபு ரானல்ஃப் இந்தக் கோட்டை தனக்கு உரியது என்று நினைத்தவர். அவர் அதைப் பிடித்த கதையை அக்கால வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதி வைத்திருக்கிறார். ரானல்ஃபின் மனைவியும் அவருடைய சகோதரரின் மனைவியும் கோட்டைக் காவலரின் மனைவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, மனைவியை அழைத்துப்போக வந்தவர்போல ஆயுதமில்லாமல் மூன்று பேரோடு ரானல்ஃப் உள்ளே நுழைந்தார். உள்ளே கிடைத்த ஆயுதங்களை எடுத்துக் காவலர்களைத் துரத்திவிட்டார். கோபமாக வந்து முற்றுகையிட்ட ஸ்டீபனை, மாமனாரின் படையோடு திரும்பி வந்து பிப்ரவரி 2-ஆம் நாள் தோற்கடித்தார். அரசனே சிறைப்பட்டான். அரசன் பக்கம் நின்ற நகரமும் சூறையாடப்பட்டது.

இரண்டாவது கதையின் நாயகி நிக்கோலா டி லா ஹே. கோட்டைக் காவலர் பதவி அவருடைய குடும்பத்தில் பரம்பரையாக வந்தது. ஆண் வாரிசு இல்லாததால் அது நிக்கோலாவிடம் வந்தது. 1191-இல் கணவர் இல்லாத நேரத்தில் அரசின் தலைமை அமைச்சரே படையோடு வந்து முற்றுகையிட்டார். சுமார் நாற்பது நாள் நிக்கோலா கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. 1216-இல் ஜான் அரசன் லிங்கனுக்கு வந்தபோது, அவர் கணவரை இழந்த முதியவர். எனக்கு வயதாகிவிட்டது, பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாவிகளை நீட்டினார். ஜான் அவற்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். இறப்பதற்குச் சற்று முன் அவரை லிங்கன்ஷயரின் ஷெரீப்பாகவும் நியமித்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பதவி கிடைப்பது மிக மிக அரிது.

ஜான் இறந்தபோது நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. கலகப் பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசன் லூயியை அரசனாக அழைத்து வந்திருந்தார்கள். ஜானின் மகன் மூன்றாம் ஹென்றிக்கு ஒன்பது வயது. லூயியின் படை லிங்கன் நகரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டையை இடைவிடாமல் தாக்கியது. நிக்கோலா அசையவில்லை. 1217 மே 20-ஆம் நாள், எழுபது வயதை எட்டிய வில்லியம் மார்ஷல், சிறுவன் ஹென்றியின் சார்பில் படையோடு வந்து சேர்ந்தார். கோட்டை நிக்கோலாவின் கையில் இருந்ததால் அதன் வெளிவாசல் வழியாக வில்லாளர்கள் உள்ளே நுழைந்து, மதில்மேல் ஏறி, நகரத்துக்குள் இருந்த எதிரிமேல் அம்பு மாரி பொழிய முடிந்தது. பிரெஞ்சுப் படைத்தலைவன் பெர்ஷ் பிரபு மாண்டான். அந்த ஆண்டு முடிவதற்குள் லூயி நாடு திரும்பினான். வென்றவர்கள் லிங்கன் நகரத்தைக் கொள்ளையடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த முறையும் விலை கொடுத்தவர்கள் நகரத்து மக்கள்தான்.

இந்தப் போரின் பெருமை வெற்றியோடு முடியவில்லை. 1215-இல் ஜான் அரசன் ஒப்புக்கொண்ட மேக்னா கார்ட்டா சாசனத்தை, சில வாரங்களிலேயே போப்பாண்டவர் செல்லாது என்று அறிவித்திருந்தார். ஜான் இறந்த பிறகு, மார்ஷலும் மற்றவர்களும் சிறுவன் ஹென்றியின் பெயரில் அதைத் திருத்தி 1216-இல் வெளியிட்டார்கள். லிங்கன் வெற்றிக்குப் பின் 1217-இல் மறுபடியும் வெளியிட்டார்கள். காட்டு நிலங்களில் சாதாரண மக்களுக்கு இருந்த உரிமைகளைக் காக்கும் வனச் சாசனத்தையும் அதோடு சேர்த்தார்கள். செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு சாசனம் பிழைத்ததில் நிக்கோலாவின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

பிறகு பெரிய போர் என்று சொல்ல ஒன்றுதான். 1644-இல் உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படை மதிலேறிக் கோட்டையைப் பிடித்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பல கோட்டைகள் வேண்டுமென்றே உடைக்கப்பட்டன. கற்களை ஊரார் வீடு கட்ட எடுத்துப் போனார்கள். லிங்கனும் சிதைந்தது. ஆனாலும் மறையவில்லை, காரணம் மாவட்டத்துக்கு நீதிமன்றமும் சிறையும் வேண்டியிருந்தன. இரண்டுக்கும் உயரமான மதில் வசதி. போர் கைவிட்ட கோட்டையை ஷெரீப்பின் வேலை தாங்கிப் பிடித்தது. இன்று அங்கே நிற்கும் ஒவ்வொரு கட்டடமும் இதைத்தான் சொல்கிறது.

பெரிய மேட்டின்மேல் இருப்பது லூசி கோபுரம். ரானல்ஃபின் தாயார் லூசியின் பெயர் அதற்கு. கோபுரம் என்றாலும் உயர்ந்து எழும் கட்டடமல்ல. மேட்டின் விளிம்பைச் சுற்றிப் பல பக்கங்களாக வளைந்து நிற்கும் கல்மதில்; நடுவே திறந்த வெளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வெளி தூக்கிலிடப்பட்ட கைதிகளின் இடுகாடானது. பெயரின் முதலெழுத்துகளும் நாளும் மட்டும் பொறித்த சிறு கற்கள் அங்கே நிற்கின்றன.

வடகிழக்கு மூலையில் காப் ஹால் என்ற கோபுரம், பதின்மூன்றாம் நூற்றாண்டினது. குதிரை லாடம்போல வளைந்த வடிவம், சுவரில் அம்பு எய்யும் துளைகள். 1817 முதல் 1859 வரை இதன் மேல்தளத்தில்தான் தூக்குமரம் நின்றது. கீழே தெருவில் கூட்டம் கூடிப் பார்த்தது. 1868-இல் பொதுவெளித் தூக்கைச் சட்டம் நிறுத்தியது. நான்கு ஆண்டு கழித்து, அருகிலுள்ள ஹார்ன்காஸ்லைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி வில்லியம் மார்வுட், இதே கோட்டைச் சிறையில் புது முறை ஒன்றை முதன்முதலாகச் செய்து காட்டினார். கயிற்றின் நீளத்தைக் கூட்டினால் கைதி மூச்சுத் திணறி நெடுநேரம் துடிக்காமல் உடனே இறப்பார் என்பது அவர் வாதம். கருணை என்று அந்தக் காலம் நினைத்தது அது.

இரண்டாவது மேட்டின் கோபுரத்துக்கு இப்போது வானாய்வுக் கோபுரம் என்று பெயர். வானியலில் ஆர்வம் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறை அதிகாரி ஒருவர் அதன் உச்சியில் ஒரு சிறு கூண்டு கட்டிக்கொண்டார். சிறைவாசிகளைக் கண்காணிக்கவும் அது உதவியது.

முற்றத்தின் நடுவே இருப்பவை சிறைக் கட்டடங்கள். முன்பக்கம் 1788-இல் முடிந்த செங்கல் கட்டடம். அதிகாரியின் வீடும் கடனாளிகளின் சிறையும் அதில் இருந்தன. கடனைத் திருப்பித் தர முடியாதவர்களை அடைத்து வைப்பது அன்றைய சட்டம். பின்பக்கம் 1848-இல் திறந்த விக்டோரியா காலச் சிறை. அதன் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. கைதிகளை ஒன்றாக வைத்தால் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்வார்கள். தனியே வைத்து பைபிளைக் கொடுத்தால் மனந்திரும்புவார்கள் என்று நம்பினார்கள். ஆளுக்கு ஓர் அறை. அடுத்த அறையில் இருப்பவர் யார் என்றே தெரியக் கூடாது.

அந்தக் கொள்கையை முழுமையாகப் புரிந்துகொள்ளச் சிறையின் சிற்றாலயத்தைப் பார்க்க வேண்டும். படிப்படியாக உயரும் இருக்கைகள். ஒவ்வொரு இருக்கையைச் சுற்றிலும் ஆள் உயரப் பலகைத் தடுப்பு. உள்ளே நின்றால் பக்கத்தில் இருப்பவர் தெரியமாட்டார். எதிரே பிரசங்க மேடையில் நிற்கும் பாதிரியார் மட்டும் தெரிவார். நூறு பேர் கூடி வழிபடும் இடத்திலும் ஒவ்வொருவரும் தனி. தனிமை மனிதரைத் திருத்தவில்லை, பலரை மனநோயாளியாக்கியது. இங்கிலாந்து அந்த முறையைப் பிறகு கைவிட்டது. தொடர்ந்து நடந்த சிறைகளில் இத்தகைய தடுப்புகள் அகற்றப்பட்டன. லிங்கன் கோட்டைச் சிறையோ 1878-இல் மூடப்பட்டுவிட்டது. மாற்றிக் கட்ட யாருக்கும் தேவை ஏற்படவில்லை. அதனால் உலகில் இந்த வகையில் அப்படியே மிஞ்சியிருக்கும் ஒரே சிற்றாலயம் இது. கோட்டையின் மற்றக் கட்டடங்கள் புழக்கத்தால் பிழைத்தன. இது ஒன்று புழக்கம் நின்றதால் பிழைத்தது.

மேற்கு ஓரத்தில் நீதிமன்றம். பிரிட்டிஷ் மியூசியத்தை வடிவமைத்த ராபர்ட் ஸ்மெர்க் இதை வரைந்தார். 1826-இல் கட்டி முடிந்தது. தொடக்கத்தில் நான் சொன்ன நீதிமன்றம் இதுதான்.

கடைசியாக, புதிய நிலவறை. ஜான் அரசன் 1215-இல் வழங்கிய மேக்னா கார்ட்டாவின் பிரதிகளில் நான்கு மட்டுமே இன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்று லிங்கன் பேராலயத்துக்குச் சொந்தம். சாசனம் முத்திரையிடப்பட்ட காலத்தில் லிங்கனின் ஆயராக இருந்தவர் ஹியூ. பிரதியின் பின்புறத்தில் லிங்கனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சாசனத்தின் 800-ஆவது ஆண்டான 2015-இல் சுமார் 2 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவில் கோட்டையைப் புதுப்பித்தபோது அதற்கென நிலவறை கட்டினார்கள். 1217-இன் வனச் சாசனமும் அங்கேதான் இருக்கிறது. அதன் மூலப் பிரதிகளில் லிங்கனும் டரமும் வைத்திருக்கும் இரண்டுதான் மிச்சம்.

சட்டப்படியான தீர்ப்பில்லாமல் சுதந்திரமான எந்த மனிதரையும் பிடித்து அடைக்கக் கூடாது என்பது மேக்னா கார்ட்டாவின் உயிர்நாடி. ஆனால் அன்றைய கிராமத்து மக்களில் பெரும்பகுதியினர் பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள். சுதந்திர மனிதர் என்ற கணக்கில் வராதவர்கள். அந்தச் சாசனம் எழுதிய பிறகும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல், அதே மதிலுக்குள் கடனாளிகள் அடைபட்டார்கள், காப் ஹால் உச்சியில் தூக்கு நடந்தது, மனிதர்கள் பலகைத் தடுப்புக்குள் நின்று ஜெபித்தார்கள். எல்லாம் சட்டப்படியே நடந்தது. கடனுக்காகச் சிறை வைப்பது பெரும்பாலும் 1869-இல்தான் ஒழிந்தது. ஒரு நல்ல வாக்கியத்தை எழுதி வைப்பது தொடக்கம் மட்டுமே. அதை எல்லாருக்கும் உரியதாக்கப் பல தலைமுறைகள் வாதாட வேண்டியிருந்தது.

அதனால்தான் லிங்கன் போகிறவர்களிடம் நான் ஒரு வரிசை சொல்வேன். நிலவறைக்கு முதலில் போகாதீர்கள். முதலில் சிற்றாலயத்தின் தடுப்புக்குள் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு லூசி கோபுரத்தின் கற்களுக்கு இடையே நடந்துவிட்டு, மதில்மேல் ஏறி ஒரு முழுச் சுற்று வாருங்கள். 2015 முதல் முழுச் சுற்றும் நடக்கலாம். 166 வீடுகள் இருந்த இடத்தையும், நிக்கோலா காத்த வாசலையும், இன்றும் நடக்கும் நீதிமன்றத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பீர்கள். அதன் பிறகு இறங்கிப் போய்ச் சாசனத்தைப் பாருங்கள். அந்த வரிகளை எழுதியவர்களுக்கு மட்டுமல்ல, அவற்றைத் தங்களுக்கும் உரியதாக்கப் போராடியவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது அந்த வரிசையில் பார்த்தால்தான் புரியும்.